கறுப்புப் பலகையும் 512 பிரவுன் டிரவுட்டும்

போன வாரம் கடைசி மீனையும் தராசில் வைத்து இறக்கியாயிற்று. 512 பிரவுன் டிரவுட் மீன், மொத்தம் 159 கிலோ, சராசரி 310 கிராம். முட்டை கைக்கு வந்து 27 மாதம் ஆகிறது. இதற்கு முந்தைய தடவை 3,000 முட்டை வாங்கி, கடைசியில் மிஞ்சியது 11 மீன். இரண்டு தடவையும் ஒரே ஊற்றுத் தண்ணீர், ஒரே இடத்து முட்டை, ஒரே கம்பெனித் தீவனம். அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். டிரவுட் என்கிற குளிர்நீர் மீனின் வளர்ப்பைப் பற்றி எங்கே படித்தாலும் அது ரெயின்போ டிரவுட் என்ற வகையைப் பற்றித்தான் இருக்கும். பண்ணையில் வளர்ந்து சாப்பாட்டுக்கு வருவதில் பெரும்பங்கு அதுதான். பிரவுன் டிரவுட்டை வளர்ப்பவர்களில் பலர் தூண்டில்காரர்களுக்காக ஆற்றில் விடவே வளர்க்கிறார்கள். நான் ரெயின்போ கையேட்டை வைத்துக்கொண்டு பிரவுன் வளர்க்கப் போனேன். 3,000 முட்டையில் கற்ற பாடம் அது.

தண்ணீர்

20 லிட்டர் பக்கெட்டும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு ஊற்றுக் குழாயை அளந்தேன். பக்கெட் நிறைய 7 நொடி, அதாவது நிமிடத்துக்கு 171 லிட்டர். வறண்ட காலத்தில் அதே பக்கெட்டுக்கு 11 நொடி ஆனது, நிமிடத்துக்கு 109 லிட்டர். எவ்வளவு மீன் வளர்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான். முதல் வருஷம் நல்ல காலத்தில் ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு சந்தோஷமாக இருந்தேன்.

வெப்பம் குளிரில் 8 டிகிரி, வெயில் காலத்தில் 13. பிரவுன் டிரவுட் 12 முதல் 16 டிகிரிக்குள் நன்றாகத் தின்று வளரும். 19, 20 தாண்டினால் தின்பதை நிறுத்தும். 25 அதற்கு எமன். என் தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சிப் பக்கம் நின்றது, மீன் மெதுவாக வளர அதுவும் ஒரு காரணம். பிஎச் 7.2.

கண்ணாடி மாதிரித் தெளிந்த ஊற்று, ஆக்சிஜனுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். இரவல் வாங்கிய மீட்டரை ஊற்றுக்கண்ணிலேயே வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம். 10 டிகிரித் தண்ணீர் 11.3 வரை பிடித்துக்கொள்ள வேண்டும். பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் காற்றையே பார்த்திருக்காது. போதாததற்கு அதில் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கவும் கூடும். கையை ஐந்து நிமிடம் உள்ளே வைத்தால் மயிர்க்கால் எல்லாம் பொடிப் பொடிக் குமிழி ஒட்டினால் சந்தேகப்பட வேண்டும். என் கையில் ஒட்டியது.

இதற்குச் செய்தது சின்ன வேலை. மூன்று பிளாஸ்டிக் தட்டு, அடியில் 6 மிமீ துளைகள், ஒன்றுக்கு ஒன்று 25 செமீ உயர வித்தியாசம். தண்ணீர் மழையாக மூன்றையும் தாண்டி, கீழே ஒரு 200 லிட்டர் டிரம்மில் விழும். இனி இதைத் தலைத்தொட்டி என்கிறேன். அங்கே மீட்டர் 10.1 காட்டியது. ஒரு மதிய வேலை, மின்சாரம் வேண்டாம். இந்த முயற்சியில் செலவுக்கு மீறிப் பலன் தந்த முதல் சாமான் இந்த மூன்று தட்டு. இரண்டாவது, தலைப்பில் இருக்கிற பலகை.

முட்டைப் பெட்டி

கண் விழுந்த முட்டையாக வாங்கினேன். முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும், அதைத்தான் கண் விழுந்தது என்பார்கள். அதற்கு முந்தைய கட்டத்தில் முட்டையை அசைத்தாலே செத்துவிடும். கண் விழுந்தபின் முரட்டுத்தனம் வந்துவிடும், ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் பயணம் தாங்கும். 1864-ல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு நார்ஃபோக் என்ற கப்பலில் பிரவுன் டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கி, மூன்று மாதம் கடல்வழி கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். என் பெட்டி வந்தது ஒரே நாள் பயணத்தில். பிரித்தபோது உள்ளே 5 டிகிரி. என் தண்ணீர் 8.4. நேராகக் கொட்டாமல், கால் மணிக்கு ஒரு கப் தண்ணீர் சேர்த்து ஒரு மணி நேரத்தில் வெப்பத்தைச் சமன் செய்தேன்.

முட்டைத் தட்டில்தான் முதல் தவறு. முதல் வருஷம் வீட்டில் கிடந்த 3 மிமீ வலையை அடித்தேன். முட்டையின் குறுக்களவு 5 மிமீக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் விழாது என்பது என் கணக்கு. முட்டை விழவில்லை. பொரிந்த குஞ்சு விழுந்தது, அதுவும் பாதி மட்டும். வால் வலைக்குக் கீழே, மஞ்சள்கருப் பை வலைக்கு மேலே. குஞ்சு துள்ளத் துள்ளப் பை கிழியும். காலையில் தட்டைத் தூக்கியபோது அடியில் நூற்றுக்கணக்கான வால்கள் புல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. 200-க்கு மேல் அப்படியே போயிற்று. இரண்டாம் தடவை 1.5 மிமீ துருப்பிடிக்காத எஃகு வலை. ஒரு குஞ்சும் மாட்டவில்லை.

தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி, முட்டைக்கு நடுவே புகுந்து வழிய வேண்டும். 60 செமீ பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் தட்டைத் தொங்கவிட்டு, அடியில் குழாயைக் கொடுத்தால் போதும். நிமிடத்துக்கு 6 லிட்டர் விட்டேன். 10 லிட்டருக்குப் போனபோது முட்டைகள் உருள ஆரம்பித்தன, குறைத்துக்கொண்டேன்.

தினம் காலை வெளுத்த முட்டைகளை எடுப்பதுதான் வேலை. செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை ஒரு நாள் விட்டால் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படர்ந்து பக்கத்து உயிர் முட்டைகளையும் சுற்றி இழுத்துக்கொள்ளும். இடுக்கி வேண்டாம், நழுவி நல்லதைக் குத்தும். 6 மிமீ கண்ணாடிக் குழாயின் மேல்முனையில் ரப்பர் குமிழ் மாட்டி உறிஞ்சி எடுத்தேன். பூஞ்சைக்குப் பழைய கையேடுகள் சொல்லும் மலக்கைட் கிரீன் பக்கம் போகாதீர்கள். சாப்பிடும் மீனில் அதைப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடை இருக்கிறது. தினமும் பொறுக்கினால் மருந்துக்கே அவசியம் வராது.

பெட்டிக்கு மூடி போட்டு உள்ளே கும்மிருட்டாக வைத்தேன். 21-ம் நாள் பொரிக்க ஆரம்பித்தது. 2,000 முட்டையில் 1,840 பொரிந்தன.

குஞ்சு ஏன் பட்டினி கிடந்தது

முதல் வருஷம் பொரிந்த குஞ்சுகளை 1,000 லிட்டர் வெளிர்நீல டப்பில் விட்டேன். ஆழம் 60 செமீ. தாராளமான இடம், நல்ல வெளிச்சம், சுத்தமான அடிப்பாகம். மஞ்சள்கருப் பை முழுதும் வற்றட்டும், பிறகு பசி எடுக்கும் என்று 44 நாள் காத்திருந்துவிட்டுத் தீவனம் தூவினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. துகள் மேலே மிதக்கிறது, மெல்ல இறங்குகிறது, குஞ்சின் மூக்குக்கு முன்னாலேயே போகிறது. குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் டப்பின் ஒரு ஓரத்தில், குழாயின் நிழலில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நான் குனிந்தால் குவியல் இன்னும் இறுகும். இரண்டாம் வாரம் தலை பெரிதாகவும் உடல் ஊசியாகவும் தெரிந்தது. பிறகு சாவு. ஒரு நாளில் 140 வரை எண்ணி அள்ளியிருக்கிறேன். தண்ணீரைச் சோதித்தேன், தீவனத்தை மாற்றினேன், உப்புக் குளியல் கொடுத்தேன். நான்கு வாரத்தில் 290 மிஞ்சின.

ஒரு பொரிப்பகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். நோட்டை வாங்கிப் புரட்டினார். எண்களைப் பார்க்கவே இல்லை.

"டப் என்ன நிறம் தம்பி?"

"வெளிர்நீலம் ஐயா."

"மூடி?"

"மூடி இல்லைங்க, வெளிச்சம் வேணுமேன்னு..."

"யாருக்கு வேணும், உங்களுக்கா அதுக்கா? இது ரெயின்போ இல்ல தம்பி. உங்க நிழல் விழுந்தாலே வாயை மூடிக்கும்."

பிறகு அவர் சொன்னது என் தலையில் இருந்ததற்கு நேர் எதிர். இடத்தைக் குறை, ஆழத்தைக் குறை, வெளிச்சத்தைக் குறை. தீவனத்தை மட்டும் முன்கூட்டியே ஆரம்பி.

இரண்டாம் தடவை அப்படியே செய்தேன். 2 மீட்டர் நீளம், 40 செமீ அகலம், 15 செமீ தண்ணீர் ஆழமுள்ள ஒரு தொட்டி. பிளைவுட்டில் செய்து, உள்ளே பைபர் பூசி, கரும்பச்சைச் சாயம் அடித்தேன். கொள்ளளவு 120 லிட்டர். அதற்குள் 1,790 குஞ்சு. ஒரு லிட்டருக்குப் பதினைந்து! மனசு ஒப்பவில்லை. ஆனால் பிரவுன் டிரவுட் குஞ்சு இடம் பிடித்து ஆளும் ஜாதி. இடம் தாராளமாக இருந்தால் ஒவ்வொரு தாதாவும் தன் சதுர அடியைக் காவல் காக்கும், மற்றதை அண்டவிடாது. நெருக்கமாகப் போட்டால் யாராலும் எல்லை போட முடியாது, வேறு வழியில்லாமல் எல்லாம் எதிர்நீச்சல் போட்டு நிற்கும்.

பொரிந்த முதல் சில வாரம் குஞ்சுகள் படுத்துக் கிடக்கும் காலம். அப்போது அடியில் 2 செமீ உருண்டைக் கூழாங்கல்லைக் கொதிநீரில் போட்டெடுத்து ஒரு அடுக்குப் பரப்பினேன். ஆற்றில் இவை சரளைக்குள்தான் பொரிந்து கிடக்கும். வழவழப்பான தரையில் நிமிர்ந்து நிற்க முடியாமல் துடித்துக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்பில் மஞ்சள்கரு வீணாகும். கல் இடுக்கில் அசையாமல் கிடந்த குஞ்சுகள் எழுந்து நீந்தும்போது முந்தைய வருஷத்ததைவிடக் கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தன.

அப்புறம் அந்தப் பலகை. தொட்டி நீளத்தில் முக்கால்வாசியை மூடும் அளவுக்கு 12 மிமீ பிளைவுட், இரண்டு பக்கமும் கறுப்புச் சாயம். தண்ணீர் வந்து விழும் தலைப்பக்கம் மட்டும் 50 செமீ திறப்பு. அங்கேயும் ஷேட் நெட் இரண்டு மடிப்பு.

பொரிந்த 34-ம் நாள், பையில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருக்கும்போதே, 0.3 மிமீ துகளைச் சிட்டிகை சிட்டிகையாக விட்டேன். உட்கார்ந்துதான் போட வேண்டும். நின்றால் நிழல் விழும். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயங்காலம் பலகையின் விளிம்பிலிருந்து ஒரு குஞ்சு ஒரு சாண் தூரம் வெளியே பாய்ந்து, துகளைக் கவ்வி, துப்பி, மறுபடி கவ்வி, இருட்டுக்குள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆறாம் நாள் பலகை விளிம்பு முழுக்க மூக்குகள் வரிசையாக நின்றன. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. போன வருஷம் இதற்காகத்தான் நான்கு வாரம் அழுதேன்.

கையால் போடுவது முதல் பத்து நாள் மட்டும். அதற்குப் பிறகு 12 மணி நேரம் மெதுவாக நகரும் கடிகாரப் பெல்ட் தீவனி ஒன்றை வைத்தேன். பெல்ட்டில் காலையில் பரப்பிய தூள் துளித்துளியாக நாள் முழுதும் விழும். ஆனால் மிச்சத் தூள் அடியில் தங்கினால் செவுளைக் கெடுக்கும். சாயங்காலம் ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது கட்டாயம், அதற்கு 20 நிமிடம்.

முதல் மாத முடிவில் 1,430. ஐந்தில் ஒன்று போயிற்று. ரெயின்போக்காரர்கள் இதைக் கேட்டு உச்சுக்கொட்டுவார்கள். நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

இலை

முதல் வருஷத்து 290 மீன் என்ன ஆனது என்று சொல்லவில்லை. ஒன்பது மாதம் வளர்த்தேன், தலா 18 கிராம் வந்தது. ஒரு காற்றடித்த இரவு, ஊற்று வாயில் இருந்த சல்லடையில் இலைகள் தோசை மாதிரி ஒட்டிக்கொண்டன. தண்ணீர் நின்றது. காலையில் டப் நிறைய வெள்ளை வயிறு. வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து, மூச்சுத் திணறிச் செத்த கோலம். 11 மட்டும் மேல்மட்டத்தில் வாயை நீட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன.

உடனே ஒரு மிதவைச் சுவிட்ச் வாங்கி, 12 வோல்ட் சைரனோடு இணைத்து, டப்பில் மாட்டினேன். மாட்டி இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் சோதனைக்காக வால்வை மூடிப் பார்த்தேன். சைரன் அடிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்தும் இல்லை. அடிக்காது! நடுவில் நிற்கும் வடிகுழாயின் உயரம்தான் தண்ணீர் மட்டம். வரத்து நின்றால் வெளியே வழிவதும் நிற்கும். மட்டம் ஒரு விரற்கடைகூட இறங்காது. மீன் அமைதியாகச் செத்துக்கொண்டிருக்கும், மிதவை அமைதியாக மிதந்துகொண்டிருக்கும். மிதவை இருக்க வேண்டிய இடம் தலைத்தொட்டி. அங்கே வரத்து நின்றால் இரண்டு நிமிடத்தில் மட்டம் சரியும். இடம் மாற்றினேன், அடித்தது.

இலைச் சல்லடையையும் மாற்றினேன். செங்குத்தாக நின்ற வலையை எடுத்துவிட்டு, 45 டிகிரி சாய்வில் துளைத் தகடு. தண்ணீர் உள்ளே இறங்கும், இலை வழுக்கிக்கொண்டு கீழே போகும். பக்கத்திலேயே இரண்டாவது தகடு, ஒன்று அடைத்தால் மற்றது. கூடவே ஒரு பழைய கார் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப், அதே மிதவையில் இணைத்தது.

இந்த இரண்டாம் தடவை சைரன் இரண்டு முறை அடித்தது, இரண்டும் நள்ளிரவு. கடைசி மாதங்களில் தொட்டியில் 150 கிலோ மீன் இருந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். மீன் கிலோவுக்கு மணிக்கு 200 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுத்தால் தண்ணீர் நின்ற பின் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குப் பிறகு சைரனைப் படுக்கையறை ஜன்னலுக்கு மாற்றினேன். வீட்டில் ஒப்புதல் வாங்கத்தான் நாளாயிற்று.

பெரிய தொட்டி

4, 5 கிராம் ஆனபோது 1,250 இருந்தன. 600-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதியை உரிமம் உள்ள இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுத்தேன். வறண்ட காலத்து 109 லிட்டர்தான் எல்லை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பம்ப் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும்.

வட்டத் தொட்டி, விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 90 செமீ. கொள்ளளவு 6,300 லிட்டர் சொச்சம். நல்ல வரத்தில் 37 நிமிடத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் மாறும். குழாயைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைத்தால் தண்ணீர் சுழலும், கழிவு நடுவில் கூடி வடிகுழாய் வழியே தானே போய்விடும். முதலில் நேராகக் கொட்டும்படி வைத்து, ஒரு மாதம் கையால் கழிவு அள்ளினேன். குழாய் முனையை 30 டிகிரி திருப்பியதும் அந்த வேலையே இல்லாமல் போனது.

இங்கேயும் பாதித் தொட்டிக்கு மேல் ஷேட் நெட் கூரை. அதையும் தாண்டி எட்டு மீன் தரையில் கிடந்தன, துள்ளி வெளியே விழுந்தவை. அதன்பின் முழுத் தொட்டிக்கும் 15 மிமீ வலை இழுத்துக் கட்டினேன். கொக்குக்கும் அதே பதில்.

வெளிப்போக்கில் இரண்டு வலை, ஒன்றுக்குப் பின் ஒன்று. இதில் சிக்கனம் வேண்டாம். பிரவுன் டிரவுட் ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கப் பக்கத்து மீன். மற்ற இடங்களில் ஓடைக்குத் தப்பினால் உள்ளூர்ச் சின்ன மீன்களை ஒழித்துவிடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த பட்டியலில் இதுவும் இருக்கிறது. வளர்ப்பு உரிமத்தை வாங்கிவிட்டுத்தான் முட்டைக்குச் சொல்ல வேண்டும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளவு பிரித்தேன். கம்பி இடைவெளி மாற்றக்கூடிய ஒரு மரச்சட்டம். சின்னது நழுவும், பெரியது நிற்கும். ஒரு தடவை சோம்பலில் பத்து வாரம் விட்டேன். ஒரு மீனின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டும் செத்தன.

இரண்டாம் இலையுதிர் காலத்தில் சில மீன்கள் தீவனத்தை ஒதுக்கின. உடல் கறுத்தது, கீழ்த்தாடை முன்னால் நீண்டது. ஆண்கள், சீக்கிரமே பருவத்துக்கு வந்தவை. 47 எண்ணினேன். தின்றதெல்லாம் விந்துப் பைக்குப் போய்விட்டது, சதை தளர்ந்துவிட்டது. அவை கடைசி வரை 200 கிராமைத் தாண்டவில்லை. சராசரியை இழுத்துக் கீழே போட்டது இவைதான்.

தீவனம் மொத்தம் 204 கிலோ. 159 கிலோ மீனுக்கு அது, அதாவது கிலோ மீனுக்கு 1.28 கிலோ தீவனம். செலவில் தீவனம் 52 சதவீதம், தொட்டியும் குழாயும் 27, மீட்டர், சைரன், பேட்டரி எல்லாம் 9, முட்டை 7, ஐஸும் சில்லறையும் 5. தினம் முக்கால் மணி நேர உழைப்புக்கு எந்தப் பத்தியும் போடவில்லை, போட்டால் நோட்டு சிவக்கும்.

தட்டுக்கு வந்தது

அந்த 11 மீனைப் பழைய டப்பிலேயே ஒரு வருஷம் வளர்த்துச் சாப்பிட்டுப் பார்த்திருந்தேன். மண்வாடை. அடியில் படிந்த கசடும் பாசியும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை மசாலா போட்டாலும் மூக்குக்குத் தெரியும். இந்தத் தடவை அறுவடைக்கு முன் சுத்தமாகக் கழுவிய தனித் தொட்டியில், ஊற்றுத் தண்ணீர் ஓட, ஐந்து நாள் தீவனமில்லாமல் நிறுத்தினேன். குடல் காலியாகும், வெட்டும்போது அசிங்கமில்லை. வாடை துளியும் இல்லை.

கொல்வதைச் சொல்லாமல் விட முடியாது. தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரே அடி, கனமான மரக்கட்டையால். உடனே செவுளைக் கீறி, ஐஸ் கலந்த தண்ணீரில் போட வேண்டும். முதல் பத்து மீனை நேரடியாக ஐஸில் போட்டேன், நிறைய நேரம் துடித்தன. அது பார்க்கவும் கொடுமை, சதைக்கும் கேடு. துடித்த மீன் சீக்கிரமே விறைக்கும், விறைத்த மீனைத் துண்டு போட்டால் சதை பிளந்து நிற்கும்.

310 கிராம் மீன் குடலும் செவுளும் போக 265 கிராம். முள் நீக்கிய இரண்டு பக்கத் துண்டும் சேர்ந்து 155. நடு முள்ளுக்குப் பக்கத்தில் ஊசி முள் வரிசை ஒன்று இருக்கிறது. வெட்டிய அன்றே இடுக்கியால் இழுத்தால் சதையோடு வரும். இரண்டு மூன்று நாள் ஐஸில் வைத்து இழுத்தால் வெண்ணெயில் செருகிய ஊசி மாதிரி வருகிறது. செதில் மிகச் சிறியது, தேய்க்கவே வேண்டாம். தோலோடு, தோல் பக்கம் கீழே இருக்க, மிதமான தீயில் நான்கு நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். உப்பும் எலுமிச்சையும் போதும்.

சதை வெளுப்பாக இருக்கிறதே, இது டிரவுட்தானா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்த ரோஸ் நிறம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. ஆற்றில் இறால் வகைப் பொடி உயிர்களைத் தின்று வரும், பண்ணையில் தீவனத்தில் கலந்தால் வரும். கடைசி 100 நாள் நிறமித் தீவனம் போட்ட பாதி மீன்களுக்கு இளஞ்சிவப்பு வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் நான்கு பேர் தின்று பார்த்தோம், யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டிரவுட் வகைகளுக்குப் பொதுவாக அமெரிக்க வேளாண் துறை அட்டவணை தரும் கணக்கு 100 கிராம் பச்சைச் சதைக்கு 148 கலோரி, புரதம் 20.8 கிராம், கொழுப்பு 6.6 கிராம், மாவுச்சத்து இல்லை. பி12 கிட்டத்தட்ட 7.8 மைக்ரோகிராம், பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 தான். இபிஏ, டிஎச்ஏ என்கிற ஒமேகா-3 இரண்டும் சேர்ந்து 0.7 கிராம் சொச்சம். என் மீனில் இந்தக் கடைசி எண் அப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பண்ணை மீனின் ஒமேகா-3 அதன் தீவனத்தில் மீன் எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மலிவான தாவர எண்ணெய்த் தீவனம் போட்டுவிட்டு டிரவுட்டின் இதய நலம் பற்றிப் பேசுவது நியாயமில்லை. நான் விலை அதிகமானாலும் மீன் எண்ணெய் முதலில் வரும் மூட்டையைத்தான் எடுத்தேன், அதனால்தான் அந்த 52 சதவீதம்.

இன்னொரு தடவை போட்டால், எல்லாம் பெண்ணாக, வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள மலட்டு முட்டையாகக் கேட்பேன். அந்த 47 கறுத்த ஆண்கள் இருக்காது, தப்பினாலும் பெருகாது. குஞ்சுத் தொட்டியை ஒன்றுக்குப் பதில் இரண்டாகச் செய்வேன், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் மாற்ற. ஆக்சிஜன் மீட்டரை இரவல் வாங்காமல் முதல் நாளே சொந்தமாக வாங்குவேன். 27 மாதத்துக்குப் பதில் 20 மாதத்தில், 220 கிராமில் பாதியை எடுத்துவிட்டு மீதிக்கு இடம் விடலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது.

ரெயின்போ போட்டிருந்தால் இந்த எடையைப் பாதிக் காலத்தில் எட்டியிருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். பெரியவரிடம் இரண்டு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவரும் அதையே சொன்னார். பையைத் திறந்து ஒரு மீனை எடுத்து, பக்கவாட்டிலிருந்த சிவப்புப் பொட்டுகளை விரலால் தடவிவிட்டு, "பலகை எத்தனை அடி போட்டீங்க?" என்று கேட்டார்.